பொதுவெளியில் இருப்பதெல்லாம் பொதுச் சொத்தா?

தருமபுரி மாவட்டம் அரூர் வட்டத்தில், சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கிறது வாச்சாத்தி. அந்த ஊரின் பெயரைத் தேடுபொறியில் இட்டால் செய்திகள், நேர்காணல் காணொலிகள், உயர் நீதிமன்றத் தீர்ப்பின் முழுப் பிரதி, ஆய்வுக் கட்டுரைகள், ஒளிப்படங்கள் என்று ஒரு பெருங்குவியல் சில நொடிகளில் வந்து விழுகிறது. முனைவர் பட்ட ஆய்வுக்கோ முதுகலைத் திட்டக் கட்டுரைக்கோ பொருள் தேடும் மாணவர் இனி அரூரிலிருந்து பேருந்து பிடித்து அந்த ஊருக்குப் போகவேண்டிய கட்டாயம் இல்லை. அறையில் அமர்ந்தபடியே ஓர் ஆய்வேட்டை எழுதி முடித்துவிடலாம். எல்லாம் பொதுவெளியில்தானே இருக்கிறது, யாரிடம் எதற்கு அனுமதி கேட்க வேண்டும்?

இன்றைய ஆய்வு உலகில் மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இது. பெரும்பாலும் விடையை எதிர்பார்த்துக் கேட்கப்படுவதும் அல்ல. கேட்ட மாத்திரத்தில் விடை கிடைத்துவிட்டதாகவே கொள்ளப்படுகிறது. வாச்சாத்தியை முன்வைத்துக் கேட்டால் அது அவ்வளவு எளிதாக முடிவதில்லை.

1992 ஜூன் 20 அன்று, கடத்தப்பட்ட சந்தன மரங்களைத் தேடுவதாகக் கூறி வனத் துறை, காவல் துறை, வருவாய்த் துறையினர் பெருந்திரளாக அந்த மலையாளிப் பழங்குடிக் கிராமத்துக்குள் நுழைந்தனர். வீடுகள் சூறையாடப்பட்டன. ஆண், பெண், குழந்தை என்று பாராமல் மக்கள் தாக்கப்பட்டனர்; பலர் சிறையில் அடைக்கப்பட்டனர். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். நெடிய போராட்டத்துக்குப் பின் 1995இல் சென்னை உயர் நீதிமன்றம் விசாரணையை மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைத்தது. 269 பேர் மீது குற்றப்பத்திரிகை தாக்கலானது. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது அவர்களில் 54 பேர் இறந்துவிட்டிருந்தனர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என அறிவிக்கப்பட்டனர். சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2023 செப்டம்பர் 29 அன்று, உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதிசெய்து, பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்கும் தலா ரூ.10 லட்சம் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. அதற்கு முன்பாக நீதிபதி பி.வேல்முருகன் அந்தக் கிராமத்துக்கே நேரில் சென்று பார்வையிட்டார்.

இந்த வரலாறு எல்லோரும் படிக்க வேண்டியது. அரசு ஊழியர்கள் ஓர் ஊரையே எவ்வாறு நடத்தினார்கள், அவ்வூர் எவ்வாறு எதிர்த்து நின்றது என்பதை அடுத்த தலைமுறை அறியாமல் போனால் அதுவும் ஓர் அநீதிதான். ஆகவே ஆவணங்கள் திறந்திருப்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், அந்த ஆவணங்களுக்குள் இருப்பவர்கள் யார்? அன்று சிறுமிகளாகவும் இளம்பெண்களாகவும் இருந்தவர்கள். அவர்களுக்கு இன்று குடும்பம் உண்டு, பிள்ளைகளுக்குச் சம்பந்தம் பேசும் உறவுகள் உண்டு, அதே ஊரில் அன்றாட வாழ்க்கை உண்டு.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் பெயரையோ, அவரை அடையாளம் காட்டக்கூடிய எதையுமோ அச்சிடுவதும் வெளியிடுவதும் குற்றம் என்ற 228ஏ பிரிவு 1983இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. இப்போது அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவாக நீடிக்கிறது. பெயரைச் சொல்லாவிட்டாலும், தொலைவிலிருந்து சுட்டி அடையாளம் கண்டுபிடிக்க வைக்கும் விவரங்களையும் வெளியிடக் கூடாது என்று 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. பாதிக்கப்பட்டவர் தாமே எழுத்து மூலம் இசைவு தந்தால் மட்டும் நிலைமை வேறு. உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை வெளியிடுவது குற்றமாகாது என்ற விலக்கும் உண்டு.

இதில் ஆய்வாளர்கள் கவனிக்கத் தவறும் ஒன்று உள்ளது. சட்டம் அச்சிடுவோரையும் வெளியிடுவோரையும் பற்றிப் பேசுகிறதே தவிர, பத்திரிகையாளர் என்று தனித்துக் கூறவில்லை. ஆய்வேட்டை இணையத்தில் ஏற்றுவதும் வெளியீடுதான். தீர்ப்பை வெளியிடலாம் என்பதால் அதிலிருந்து பொறுக்கி எடுத்த விவரங்களை ஒரு காணொலியில் கிடைத்த முகத்தோடும், ஒரு செய்தியில் கிடைத்த வயதோடும் ஒட்டவைத்துப் புதிதாக ஓர் ஆளை உருவாக்கிக் காட்டலாம் என்று பொருளாகாது. ‘அரசுத் தரப்புச் சாட்சி இத்தனையாவது எண், வயது இவ்வளவு, இன்னாரின் மகள்’ என்று எழுதிவிட்டு, பெயரை மறைத்துவிட்டதாகச் சொல்வதில் பயனில்லை. பெருநகரத்தில் அது வெறும் விவரக்குறிப்பு. சில நூறு பேர் வாழும் ஒரு மலையடிவார ஊரில் அதுவே பெயர்.

ஆட்டோ சங்கர் வழக்கு சொன்னது

‘பொதுவில் இருப்பது’ குறித்த இந்திய நீதிமன்றச் சிந்தனைக்கு அடித்தளம் இட்டதே தமிழ்நாட்டு வழக்கு ஒன்றுதான் என்பது பலருக்கு மறந்துபோயிருக்கும். மரண தண்டனைக் கைதியாக இருந்த ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை ‘நக்கீரன்’ வார இதழ் வெளியிட முனைந்தபோது சிறைத் துறை அதைத் தடுக்க முயன்றது. விவகாரம் உச்ச நீதிமன்றம் சென்றது. 1994 அக்டோபரில் வந்த ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு என்ற அந்தத் தீர்ப்பு, தம் வாழ்க்கையைத் தனித்து விடுமாறு கேட்கும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்றது. அதேசமயம், ஒரு செய்தி நீதிமன்ற ஆவணம் போன்ற பொது ஆவணத்தில் இடம்பெற்றுவிட்டால் அதை எழுத யாருடைய அனுமதியும் தேவையில்லை என்றும் கூறியது.

இதுவரை படித்தவர்கள், பொதுவெளியில் இருப்பது எல்லோருக்கும் உரியது என்ற முடிவுக்கு வந்துவிடுவார்கள். தீர்ப்பு அத்துடன் நிற்கவில்லை. பாலியல் தாக்குதலுக்கும் கடத்தலுக்கும் ஆளான பெண்ணின் பெயரும் நிகழ்வும் பொது ஆவணத்தில் இருந்தாலும்கூட, அவரை மேலும் இழிவுக்கு உள்ளாக்கும் வகையில் விளம்பரப்படுத்தக் கூடாது என்று விதிக்குள் ஒரு விலக்கை வைத்தது. ஆவணம் திறந்திருக்கிறதா என்பது ஒரு கேள்வி. அதிலிருந்து எடுத்து வேறிடத்தில் வைக்கும்போது யாருக்கு என்ன நேரும் என்பது வேறொரு கேள்வி. இரண்டையும் முப்பது ஆண்டுகளுக்கு முன்பே அந்தத் தீர்ப்பு பிரித்துக் காட்டிவிட்டது. பொது இடத்தில் இருப்பதாலேயே ஒருவர் தம் அந்தரங்கத்தை இழந்துவிடுவதில்லை. அது இடத்தைச் சார்ந்தது அல்ல, ஆளைச் சார்ந்தது என்ற கருத்தை 2017 ஆகஸ்டில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அளித்த புட்டசாமி வழக்குத் தீர்ப்பிலும் காணலாம்.

தகவல் தொழில்நுட்பத் தத்துவ அறிஞர் ஹெலன் நிசன்பாம் 2004இல் முன்வைத்த கருத்தும் இதனுடன் இணைத்துப் பார்க்கத் தக்கது. ஒரு தகவல் எந்தச் சூழலில், எவருக்காக, எந்த எதிர்பார்ப்புடன் சொல்லப்பட்டதோ அந்த எதிர்பார்ப்பு மீறப்படும்போதுதான் அந்தரங்கம் மீறப்படுகிறது என்றார் அவர். நமக்கு இது புதிதன்று. திண்ணையில் நாலு பேர் கேட்கச் சொன்னதை ஒலிபெருக்கியில் போட்டால் சொன்னவர் சண்டைக்கு வருவார். ‘நீ தெருவில் உட்கார்ந்துதானே சொன்னாய்’ என்ற பதில் அவரிடம் செல்லாது.

பெயரை நீக்கினால் போதுமா?

ஆய்வாளர்கள் பெரும்பாலும் நல்லெண்ணத்துடன் செய்வது பெயர் நீக்கம். அது எவ்வளவு மெலிந்த திரை என்பதை உலகம் பலமுறை பார்த்துவிட்டது. 2006 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஏஓஎல் நிறுவனம் ஆய்வாளர்களுக்கு உதவும் நோக்கில், சுமார் 6,50,000 பயனர்களின் ஏறத்தாழ இரண்டு கோடி தேடல் சொற்றொடர்களை இணையத்தில் வெளியிட்டது. பெயர்களுக்குப் பதில் எண்கள். சில நாள்களில் ‘நியூயார்க் டைம்ஸ்’ செய்தியாளர்கள் 4417749 என்ற எண்ணுக்கு உரிய மூதாட்டியின் வீட்டு வாசலில் நின்றார்கள். அவர் தேடிய ஊர்ப் பெயர், உறவினர்களின் குடும்பப் பெயர், உடல் உபாதைகள் ஆகியவையே வழிகாட்டின.

2008இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் ஒரு கல்லூரியின் முழு வகுப்பு மாணவர்களுடைய முகநூல் விவரங்களைப் பெயர் நீக்கி வெளியிட்டார்கள். கல்லூரியின் பெயரைக்கூடச் சொல்லவில்லை. ஆனால், தரவுடன் தந்திருந்த விளக்கக் குறிப்பில் பாடப்பிரிவுகளின் பெயர்கள் இருந்தன. அவற்றை வைத்தே அது ஹார்வர்டுதான் என்று விரைவில் கண்டுபிடித்துவிட்டார்கள். இதை ஆராய்ந்து 2010இல் மைக்கேல் சிம்மர் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே, ‘தரவு ஏற்கெனவே பொதுவில் இருக்கிறதே’ என்ற ஆய்வாளர்களின் வழக்கமான சமாதானத்தை எடுத்துப்போட்டிருந்தார். அதிலிருந்து பாடம் கற்றிருப்பார்கள் என்று நினைத்தால், 2016இல் டென்மார்க்கைச் சேர்ந்த சிலர் ஓகேகியூபிட் என்ற துணைதேடும் தளத்திலிருந்து ஏறத்தாழ 70,000 பேரின் பயனர் பெயர், வயது, இருப்பிடம், பாலியல் விருப்பம் குறித்த பதில்கள் ஆகியவற்றை அள்ளிப் பொதுவில் கொட்டினார்கள். கேட்டபோது அதே சமாதானத்தையே கூறினார்கள்.

தமிழில் எழுதுவோருக்கு இந்த ஆபத்து மேலும் அதிகம் என்பதை நம் ஆய்வாளர்கள் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதில்லை. ஆங்கிலத்தில் ஒரு சாதாரண வாக்கியத்தைத் தேடினால் அதேபோன்ற ஆயிரம் வாக்கியங்கள் வந்து உண்மையானதை மறைத்துவிட வாய்ப்புண்டு. தமிழ் இணையப் பரப்பு அவ்வளவு பெரிதன்று. சமூக ஊடகத்தில் ஒருவர் எழுதிய நான்கு வரிகளை ஆய்வேட்டில் அப்படியே மேற்கோளாகத் தந்து, ‘பதிவர் அ’ என்று பெயரிட்டால், அந்த வரிகளைத் தேடுபொறியில் ஒட்டும் எவருக்கும் பதிவர் கிடைத்துவிடுவார். வட்டார வழக்கில் எழுதியிருந்தால் இன்னும் எளிது. ஒரு சொல்லை வைத்தே இது தருமபுரிப் பக்கம், இது கொங்கு, இது நெல்லை என்று வகைப்படுத்தும் வாசகர்கள் நம்மிடையே உண்டு. ஊரும் சாதியும் தொழிலும் பேச்சிலேயே தெரிந்துவிடும் மொழியில், மேற்கோள் குறிக்குள் ஒரு வாக்கியத்தை வைப்பது ஆளை வைப்பதற்குச் சமம்.

இதே மாவட்டத்தின் மற்றொரு காயத்தையும் சொல்லியாக வேண்டும். 2012 நவம்பர் 7 அன்று நாயக்கன்கொட்டாய் பகுதியில், ஒரு சாதி மறுப்புத் திருமணத்தைத் தொடர்ந்து நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று தலித் குடியிருப்புகள் தாக்கப்பட்டன. இருநூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் கொளுத்தப்பட்டன. 2013 ஜூலை 4 அன்று அந்த இளைஞரின் உடல் தருமபுரியில் ரயில் பாதையோரம் கிடந்தது. அந்த இருவருடைய பெயர்களையும் தமிழ்நாடு அறியும். ஆயினும் இந்தக் கட்டுரைக்கு அவை தேவைப்படவில்லை.

அந்தத் திருமணத்தின் ஒளிப்படங்களும், நீதிமன்ற வளாகத்தில் எடுத்த காட்சிகளும் இன்றும் இணையத்தில் இருக்கின்றன. சாதி, காதல், வன்முறை குறித்து எழுதுவோர் அவற்றைத் திரும்பத் திரும்ப எடுத்தாள்கிறார்கள். அந்தப் பெண் எதையும் தாமாக இணையத்தில் ஏற்றியவர் அல்லர். செய்தி அவரைத் தேடி வந்தது. அன்று அது செய்தியாக இருந்ததற்கு நியாயம் இருந்தது. பத்தாண்டுகளுக்குப் பிறகு ஒரு கருத்தரங்கத் திரையில் அதே முகத்தைப் பெரிதாகக் காட்டுவதற்கு என்ன நியாயம்? ஆய்வு சாதிய வன்முறையின் பொறியமைப்பைப் பற்றியதாக இருந்தால் அந்த முகம் அதற்கு எந்த ஆதாரத்தையும் கூட்டுவதில்லை. அவையோரின் கவனத்தைப் பிடிக்க மட்டுமே உதவுகிறது.

மறுபக்கம்

இவ்வளவும் சொன்னதால், பொதுவெளித் தரவைத் தொடவே கூடாது என்று நான் வாதிடுவதாக எண்ண வேண்டாம். தொடாமல் இருந்தால் மறைந்தே போயிருக்கக்கூடிய உண்மைகளும் இதே மண்ணில் உண்டு. மதுரை முதல் சேலம், தருமபுரி வழியாக வட ஆர்க்காடு வரை நீண்ட ஒரு நிலப்பரப்பில் பெண் சிசுக்கொலை நடப்பதைப் புள்ளிவிவரமாக நிறுவியது, ஆரம்ப சுகாதார நிலையங்களின் பிறப்பு, இறப்புப் பதிவுகளைக் கொண்டு ஷீலா ராணி சுங்கத்தும் வெங்கடேஷ் ஆத்ரேயாவும் 1997இல் ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லி’யில் எழுதிய கட்டுரை. 1992இல் சேலத்தில் தொடங்கப்பட்டிருந்த தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் தருமபுரி உள்ளிட்ட மாவட்டங்களுக்கு விரிவாக்கப்பட்டது. கிராம சுகாதாரச் செவிலியர் தம் பதிவேட்டில் எழுதியது ஆய்வுக்காக அல்ல, தாய்-சேய் நலத்துக்காக. அந்தப் பதிவிலிருந்து எண்கள் மட்டும் மேலே வந்தன. எந்தத் தாய், எந்த வீடு என்பது வரவில்லை. தகவல் அதன் நோக்கத்துக்கு அருகிலேயே நின்றது என்பதே அதன் நேர்மை.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் இதே இலக்கணத்தில்தான் இயங்குகிறது. 2011இல் தருமபுரி மாவட்டத்தின் மக்கள்தொகை 15,06,843 என்றும், எழுத்தறிவு 68.54 விழுக்காடு என்றும் யாரும் பார்க்கலாம். மாநிலத்திலேயே கடைசி இடம் என்று வருந்தவும் செய்யலாம். ஆனால், ஒரு வீட்டாரின் கணக்கெடுப்புப் படிவத்தைப் பார்க்க 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு யாரையும் அனுமதிப்பதில்லை. நீதிமன்றத்தில் சான்றாகக் காட்டவும் பொதுவாக இயலாது. கணக்குக் கொடுத்தவர் நம்பிக்கையோடு வாய் திறக்க வேண்டும் என்பதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அது.

பெயரை மறைப்பதே அவமதிப்பாகும் இடங்களும் உண்டு. தருமபுரிப் பகுதியில் விடியவிடிய நடக்கும் தெருக்கூத்துகளை இப்போது பலர் கைபேசியில் பதிந்து யூடியூபில் ஏற்றுகிறார்கள். அவற்றை வைத்து அடவும் பாட்டும் குறித்து ஆய்வு செய்பவர், ‘வட தமிழகத்துக் கலைஞர் ஒருவர்’ என்று எழுதினால் அது நெறி ஆகாது, திருட்டுக்கு நெருக்கமானது. கலைஞருக்குப் பெயர் வேண்டும், குழுவுக்குப் பெயர் வேண்டும், வாத்தியாருக்குப் பெயர் வேண்டும்.

வாச்சாத்திப் பெண்களின் விஷயத்திலும் இதை மறந்துவிடலாகாது. மூன்று தசாப்தங்கள் நீதிமன்றப் படி ஏறிய அவர்கள் வெறும் ‘பாதிக்கப்பட்டோர்’ அல்லர், வழக்கை வென்றவர்கள். சிலர் ஊடகங்களுடன் நேரடியாகப் பேசியுமிருக்கிறார்கள். முகம் காட்டிப் பேச ஒருவர் துணிந்து முடிவெடுத்த பின், ஆய்வாளர் தாமாக அவரை ‘பெண் 7’ என்று ஆக்குவது பாதுகாப்பா, அழிப்பா? இதற்கு எல்லோருக்கும் பொருந்தும் விடை கிடையாது. ஒரு தொலைக்காட்சிக்கு அன்று அளித்த இசைவு, ஓர் ஆய்வேட்டுக்கும் எந்நாளும் பொருந்தும் என்றும் சொல்ல முடியாது. விடை தெரிந்தவர்கள் அந்தப் பெண்கள் மட்டுமே. அரூரிலிருந்து பேருந்து ஏறத்தான் வேண்டியிருக்கிறது.

யார் கேட்பது?

நம் பல்கலைக்கழக அமைப்பில் இந்தக் கேள்வியைக் கேட்கும் இடம் எது என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். மருத்துவ ஆய்வுகளுக்கு நெறிக்குழு உண்டு; 2019ஆம் ஆண்டின் விதிகளின்படி அத்தகைய குழுக்கள் பதிவுசெய்யப்படவும் வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் விரிவானவை. அவையும், ஆளுடன் இணைக்கும் குறிப்புகள் இல்லாத, இடர் மிகக் குறைந்த ஆய்வுகளுக்கு நெறிக்குழுப் பரிசீலனையிலிருந்து விலக்கு அளிக்கின்றன. பொதுவெளித் தரவைக் கொண்டு செய்யப்படும் முறைசார் மீளாய்வுகளை அதற்கு எடுத்துக்காட்டாகக் காட்டுகின்றன. ‘ஆளுடன் இணைக்கும் குறிப்பு இல்லாத’ என்ற நிபந்தனையைத் தவறவிட்டு, ‘பொதுவெளித் தரவுக்கு விலக்கு’ என்ற பாதியை மட்டும் படிப்பவர்கள் அதிகம்.

கலை, சமூக அறிவியல் துறைகளிலோ இப்படியொரு பொதுவான கட்டாயமே இல்லை. இருப்பது, 2018இல் பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்த எழுத்துத் திருட்டுத் தடுப்பு ஒழுங்குமுறை. ஆய்வேட்டை மென்பொருளில் ஏற்றி, பிறர் எழுத்துடன் எத்தனை விழுக்காடு ஒத்துப்போகிறது என்று கணக்கிட்டுச் சான்றிதழ் பெறுகிறோம். அந்த எழுத்தில் வரும் மனிதருக்கு என்ன ஆகும் என்பதற்கு விழுக்காடு இல்லையாதலால் அதை யாரும் கேட்பதில்லை போலும்!

முன்பு இதனால் பெரிய கெடுதல் விளையாமல் காத்தது, உண்மையில், நம் நூலகங்களின் தூசிதான். ஆய்வேடு ஒன்று தட்டச்சாகித் தைக்கப்பட்டு அலமாரிக்குப் போனால் அடுத்த ஆய்வாளர் வரும்வரை அது உறங்கும். இன்று ஆய்வேடுகள் மின்வடிவில் அளிக்கப்பட்டு ‘சோத்கங்கா’ களஞ்சியத்தில் ஏறுகின்றன. உழைப்பும் அறிவும் ஒளிந்து கிடக்காமல் வெளிவருவது நல்லதே. கூடவே, பின்னிணைப்பில் ஒட்டிய நேர்காணல் பிரதிகளும், ஊர்ப்பெயர், தெருப்பெயருடன் கூடிய அட்டவணைகளும், சமூக ஊடகப் பதிவுகளின் திரைப்பிடிப்புகளும் வெளிவருகின்றன. பதிவிட்டவர் மனம் மாறித் தம் பக்கத்தில் அழித்துவிடலாம். ஆய்வேட்டில் அது அழியாது.

2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதற்கு விடை தருமா? அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வரவிருக்கின்றன. ஒருவர் தாமே பொதுவில் வைத்த தம்முடைய தரவுக்கும், சட்டக் கடமையால் பிறர் வெளியிட்ட தரவுக்கும் இச்சட்டம் பொருந்தாது என்கிறது 3ஆம் பிரிவு. ஆய்வுக்கும் புள்ளியியலுக்கும் 17ஆம் பிரிவு தனியே ஒரு விலக்கு தருகிறது. அதற்கு நிபந்தனைகள் உண்டு. முதல் விலக்கின் சொற்களை நிதானமாகப் படிக்க வேண்டும். ‘தாமே’ வைத்தது என்கிறது சட்டம். பக்கத்து வீட்டுக்காரர் எடுத்த காணொலி, உள்ளூர் அலைவரிசை ஒன்று கேட்காமல் பதிந்த முகம், குடும்பக் குழுவிலிருந்து கசிந்த படம் இவையெல்லாம் அந்தச் சொல்லுக்குள் வருவன அல்ல. வாச்சாத்தி, நாயக்கன்கொட்டாய் குறித்து இணையத்தில் கிடப்பவற்றில் எவ்வளவு, அதில் இருப்போர் தாமே வைத்தவை?

நீதிமன்றங்களும் இதில் இன்னும் ஒரு முடிவுக்கு வந்துவிடவில்லை. ஒரு குற்ற வழக்கில் விடுதலை பெற்ற ஒருவர், இணையத்தில் கிடக்கும் தீர்ப்பிலிருந்து தம் பெயரை நீக்கக் கோரி சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகினார். 2021இல் தனி நீதிபதி மறுத்தார்; 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு ஏற்றது; அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணைக்கு இடைக்காலத் தடை விதித்தது. திறந்த நீதிமன்றம் என்ற கோட்பாடும் மறக்கப்படும் உரிமையும் நேருக்கு நேர் நிற்கின்றன. இரண்டுமே அற்பமானவை அல்ல.

இதற்கிடையே, செயற்கை நுண்ணறிவு மாதிரிகளைப் பயிற்றுவிக்க உலகின் இணையப் பக்கங்கள் கோடிக்கணக்கில் அள்ளப்படுகின்றன. தமிழ்ப் பக்கங்கள் குறைவாக இருப்பதால் கிடைக்கும் ஒவ்வொன்றுக்கும் மதிப்பு அதிகம். தமிழ் இவ்வகைத் தொழில்நுட்பத்தில் இடம்பெற வேண்டும் என்று விரும்புகிறவன்தான் நானும். அப்படி அள்ளும்போது கவிதையும் சமையல் குறிப்பும் வருவதுபோலவே, ஏதோ ஓர் ஆய்வேட்டின் பின்னிணைப்பில் இருந்த நேர்காணலும் வரும். அதை அங்கே வைத்த ஆய்வாளர் அன்று செய்த கவனக்குறைவைப் பின்னால் வரும் எந்திரம் திருத்தித் தரும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

ஆகவே சுமை மறுபடியும் ஆய்வாளரிடமும் நெறியாளரிடமுமே வந்து சேர்கிறது. இணைய ஆய்வாளர் சங்கம் 2002 முதல் மூன்று முறை வெளியிட்ட நெறிக்குறிப்புகள் கட்டளைகளாக இல்லாமல் கேள்விகளாகவே அமைந்திருப்பது இதனால்தான். எழுதியவர் தம் வாசகராக யாரை மனத்தில் கொண்டிருந்தார்? மேற்கோளைத் தேடினால் ஆள் கிடைப்பாரா? கிடைத்தால் அவருக்கு ஊரில், வேலையில், வீட்டில் என்ன நேரும்? வரிக்கு வரி மேற்கோள் தேவையா, பொருளைச் சுருக்கிச் சொன்னால் போதாதா? பலர் கூறியதை இணைத்து ஒரு மாதிரிக் கூற்றாக அமைப்பதை 2012இல் அனெட் மார்க்கம் ஒரு நெறிமுறை உத்தியாகவே பரிந்துரைத்தார். சான்றைத் திரிக்கிறார் என்று அவரைக் கண்டித்தவர்களும் உண்டு. மொழியியல் ஆய்வுக்கு அது உதவாது. துயரம் குறித்த ஆய்வுக்கு உதவக்கூடும்.

இவற்றுக்கெல்லாம் பெரிய குழுவும் நிதியும் தேவையில்லை. ஆய்வுத் திட்டத்தை முன்வைக்கும் முதல் நாளிலேயே, ‘தரவு எங்கிருந்து’ என்ற கட்டத்துக்குக் கீழே ‘அதில் இருப்பவர்கள் யார், அவர்களுக்கு இது தெரியுமா’ என்று இன்னொரு கட்டம் சேர்த்தால் போதும். களஞ்சியத்தில் ஏற்றும் முன் பின்னிணைப்பை மட்டும் ஒருமுறை வேறொருவர் படித்துப் பார்க்கலாம். வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் வழக்கமாக, மாதிரியின் அளவு என்ன, கருதுகோள் என்ன என்று கேட்பார். ‘இதில் மேற்கோள் காட்டியிருக்கும் பெண், உங்கள் ஆய்வேட்டைப் படித்தால் தம்மை அடையாளம் கண்டுகொள்வாரா? அவருடைய பக்கத்து வீட்டார்?’ என்றும் ஒரு கேள்வி கேட்கலாம். மாணவர் விடை சொல்லும்வரை காத்திருக்கலாம்.